தன் விலையால் வகுத்தால்

வெள்ளவத்தை,
11.02.2024

அன்பின் அக்கா,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வற்றாப்பளை அம்மன் துணை. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். போனில் கலியாணக் கதையை எடுத்தால் "சிக்னல் இல்லையடா" என்று வெட்டிவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. தபால்காரர் கொண்டுவந்து கையில் தந்துவிட்டுத்தான் போவார்.

பிரேமிளா மாமி வவுனியாவில் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு என்ன குறை? கச்சேரியில் அரசாங்க உத்தியோகம், குரல் உயர்த்திக் கதைக்காத மனிதராம். அம்மா போனபிறகு என்னையும் அப்பாவையும் பார்த்தே உங்களுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது. "வேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல், ஏன் வேண்டாம் என்று எழுதுங்கள்.

இன்னொரு உதவியும் வேண்டும். எங்கள் பங்குத் தரகு அலுவலகத்தில், பங்கு விலை எவ்வளவு ஆடுகிறது என்று அளப்பது பற்றித் தமிழில் ஒரு விளக்கம் எழுதும் வேலையை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் எங்கள் வாடிக்கையாளர், தினமும் போன் எடுப்பார். தொள்ளாயிரம் ரூபாய்ப் பங்கு ஒரு நாளில் பதினெட்டு ரூபாய் ஆடினால் அவருக்கு நெஞ்சு இடிக்கும். பன்னிரண்டு ரூபாய்ப் பங்கு ஒரு ரூபாய் ஆடினால் "அது சாது" என்பார். அவருக்கு விளங்கும்படி சொல்ல ஒரு சந்தை உதாரணம் தேடுகிறேன். நீங்கள் வீட்டு வாசலில் தராசு வைத்து மரக்கறி சேர்த்து அனுப்புகிறவர் அல்லவா? நாலு மரக்கறிக்கு, கிளிநொச்சிச் சந்தையில் அன்றன்றைய கூடிய விலை, குறைந்த விலை, கடைசியாக முடிந்த விலை மூன்றையும் எழுதி அனுப்புவீர்களா?

அன்புத் தம்பி,
விதுசன்


விசுவமடு,
19.02.2024

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா சுகம், ஆடுகள் சுகம், நானும் சுகம். இரவில் என்ன சாப்பிடுகிறாய்? கடைக் கொத்துரொட்டியை விட்டுவிட்டு ஒரு பிடி சோறு காய்ச்சப் பழகு.

மாமி பார்த்தவரில் குறை ஒன்றும் இல்லை. அந்தக் கதையை இதோடு விடு.

விலைகளை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். நான் சந்தைக்குப் போவதில்லை. கதிர்காமநாதன் வந்து சொல்வதைத்தான் எழுதுகிறேன். கனகராயன்குளத்து ஆள். பழைய லொறிக்காரர் கனடாவுக்குப் போனபிறகு இவர்தான் எங்கள் சாக்குகளை ஏற்றுகிறார். கத்தாமல் ஒரு சொல் கதைக்கமாட்டார். சாக்கு நனைந்தால் கத்தல், சில்லுக்குக் காற்றுக் குறைந்தால் கத்தல், ஆடு குறுக்கே வந்தால் ஆட்டோடும் கத்தல். நாற்பதைத் தாண்டியும் கலியாணம் முடிக்காததற்குத் தங்கைமாரைக் கரைசேர்த்ததுதான் காரணம் என்கிறார். கத்தல்தான் காரணம் என்று அப்பா சொல்கிறார். அந்த லொறிச் சத்தம் கேட்டாலே அப்பா கதிரையைப் பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. பச்சை மிளகாயும் பூசணியும் கிலோக் கணக்கு. தேசிக்காய் நூறு காய்க்கு விலை. வல்லாரை கட்டுக் கணக்கு, அந்தக் கட்டும் ஆளுக்கு ஆள் பருமன் வேறு. இவற்றை எப்படி ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்ப்பாய்? நான் தேசிக்காயையும் வல்லாரையையும் தராசில் போட்டு நிறுக்கவேண்டுமா? கதிர்காமநாதனிடம் கேட்டேன். "உங்கட தம்பிக்குக் கொழும்பில வேற வேலையில்லையோ?" என்று றோட்டுக்குக் கேட்கக் கத்தினார். பிறகு, லொறியில் ஏறியபின் இறங்கி வந்து, "பதில் வந்தா எனக்கும் சொல்லுங்கோ" என்றார்.

அக்கா,
சிவரூபி


வெள்ளவத்தை,
10.03.2024

அன்பின் அக்கா,

சுகம். நீங்கள் பிறகு அனுப்பிய விலைகளும் வந்தன. இரவில் இடியப்பம் சாப்பிடுகிறேன், கடை இடியப்பம்தான்.

ஒன்றையும் நிறுக்கவேண்டாம். ஒரு நாளின் கூடிய விலைக்கும் குறைந்த விலைக்கும் இடையில் உள்ள தூரம்தான் அன்றைய ஆட்டம். பதினான்கு நாள் ஆட்டத்தைக் கூட்டிச் சராசரி எடுப்போம். இதுவரை ரூபாயில் இருக்கிறது. இனி அந்தச் சராசரியை, அந்தப் பொருளின் கடைசியாக முடிந்த விலையால் வகுத்து நூறால் பெருக்கவேண்டும். ரூபாயை ரூபாயால் வகுக்கிறபடியால் கிலோவும் நூறும் கட்டும் போய்விடும். தன் விலையில் நூற்றுக்கு எவ்வளவு ஆடுகிறது என்பது மட்டும் மிஞ்சும்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தேசிக்காய் நூறு காய் ஆயிரத்து ஐந்நூறு, ஆட்டம் நூற்றியிருபது. அது நூற்றுக்கு எட்டு. மிளகாய் அறுநூறு ரூபாயில் அறுபது ஆடுகிறது, நூற்றுக்குப் பத்து. வல்லாரை பதினைந்து. எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது எது தெரியுமா? பூசணி! நாற்பது ரூபாய்ப் பூசணி பத்து ரூபாய் ஆடுகிறது. நூற்றுக்கு இருபத்தைந்து. அதன் பத்து ரூபாயை மிளகாயின் அறுபதுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால்தான் சாது மாதிரித் தெரிந்திருக்கிறது. அதிபருக்கு இதைச் சொன்னேன். "தம்பி, நான் இவ்வளவு நாளும் பூசணியிலயோ காசைப் போட்டனான்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் எழுதவில்லை. ஏன் வேண்டாம்?

அன்புத் தம்பி,
விதுசன்


விசுவமடு,
17.03.2024

அன்புள்ள தம்பி,

அப்பா சுகம், ஆடுகள் சுகம், நானும் சுகம். கடை இடியப்பமும் கடைச் சாப்பாடுதான். சோறு காய்ச்சு.

உன் கணக்கைத் தராசடியில் வாசித்துக் காட்டினேன். சுற்றி நின்றவர்கள் ஒருவரும் நம்பவில்லை. கதிர்காமநாதன் சாக்கை நிலத்தில் போட்டுவிட்டு வந்தார்.

"பூசணியோ? பூசணி பாவமெல்லோ! மிளகாய்தான் பேய்."

"வகுத்துப் பாருங்கோ," என்றேன்.

லொறியின் தூசியில் விரலால் எழுதி வகுத்தார். பிழையாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி வகுத்தார். இருபத்தைந்து வந்ததும் என்னைப் பார்த்து, "அப்ப நானும் பூசணியை நம்பித்தான் இவ்வளவு நாளும் ஓடினனான்," என்று சிரித்தார். மெல்லச் சிரித்தார். அவருக்கு அப்படியும் சிரிக்கத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

ஒரு கேள்வி. போன வெள்ளி மிளகாய் அறுநூறுக்கு முடிந்தது. அடுத்த நாள் விடியவே நானூற்று எண்பதில் தொடங்கி, பகல் முழுவதும் அதற்கும் நானூற்றுத் தொண்ணூறுக்கும் இடையில் நின்றது. நீ எழுதியபடி பார்த்தால் அன்றைய ஆட்டம் பத்து ரூபாய்தான். கதிர்காமநாதன் கொண்டுவந்த செய்தியைக் கேட்டு மிளகாய்க்காரர் வயிறு எரிந்து நின்றார்கள். சந்தை மூடியிருந்த நேரத்தில் விழுந்த நூற்றியிருபதை எங்கே எழுதுவாய்?

ஏன் வேண்டாம் என்று கேட்டாய். சொல்கிறேன். நான் போனால் அப்பா தனித்துவிடுவார். இந்த வளவை விட்டு வரவும் மாட்டார். சண்டைக் காலத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தது போதும் என்பார். குசினியில் உப்பு எங்கே இருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை.

அக்கா,
சிவரூபி


வெள்ளவத்தை,
08.04.2024

அன்பின் அக்கா,

உங்களுக்கும் அப்பாவுக்கும் புதுவருட வாழ்த்துகள். லீவு இல்லை, வர முடியவில்லை. சுகமாக இருக்கிறேன். பதில் பிந்தியதற்கு மன்னியுங்கள். நான் எழுதினால் ஒரே வாரத்தில் இரண்டு கடிதம், இல்லாவிட்டால் ஒரு மாதம் ஒன்றும் இல்லை. உங்கள் கடிதமோ கிழமை தவறாது.

நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அதைத்தான் நான் சுருக்கமாக எழுதுகிறேன் என்று விட்டுவிட்டேன். இந்த அளவில் ஒரு நாளின் ஆட்டத்துக்கு, அன்றைய மேலும் கீழும் மட்டும் போதாது. நேற்று முடிந்த விலையில் இருந்து இன்றைய மேல் எவ்வளவு தூரம், கீழ் எவ்வளவு தூரம் என்றும் பார்க்கவேண்டும். மூன்றில் பெரியதுதான் அன்றைய உண்மையான ஆட்டம். ஆகவே அன்று மிளகாய் ஆடியது நூற்றியிருபது. சந்தை மூடிக்கிடந்த நேரத்தில் நடந்ததும் கணக்கில் வந்துவிடும். திருத்திப் போட்டுப் பார்த்தேன். மிளகாய் ஏறியது, ஆனாலும் பூசணியை எட்டவில்லை.

அப்பா தனித்துவிடுவார் என்பது எனக்கு விளங்குகிறது. அதற்கு ஒரு வழி இல்லாமல் போகாது. மாமியும் விடுகிறபாடு இல்லை, பார்ப்போம்.

இன்னொன்று அக்கா, கோபிக்கவேண்டாம். நான் கேட்டது நாலு மரக்கறி; நீங்கள் தெரிந்தெடுத்தது மிளகாய், தேசிக்காய், வல்லாரை, பூசணி. நீங்கள் அனுப்புவதில் ஐந்தாவதாக ஒன்று கூடவே வருகிறது. அதன் பெயர் கதிர்காமநாதன். பூசணியை விட அதிகமாக வருகிறது.

அன்புத் தம்பி,
விதுசன்


விசுவமடு,
16.04.2024

தம்பி,

வருடப்பிறப்பு நல்லபடி போனது. அப்பா சுகம், ஆடுகள் சுகம், நானும் சுகம். இரவில் என்ன சாப்பிடுகிறாய்?

விலையைக் கொண்டுவருகிறவரின் பெயர் வராமல் விலை எப்படி வரும்? வேலையில்லாதவன் கண்டுபிடிப்பு. இனிமேல் விலை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா,
சிவரூபி


விசுவமடு,
27.05.2024

தம்பி,

அப்பா சுகம்.

இந்த மாதம் விலை எழுதவில்லை. லொறி வருகிறது. சாக்குகளை ஏற்றுகிறார். போகிறார். விலை கேட்டால் இலக்கத்தை மட்டும் சொல்கிறார்.

ஒன்று கேட்கவேண்டும். எப்போதும் பெரிதாக ஆடுகிற ஒன்று திடீரென்று அடங்கிப்போனால், உன் அளவு அதற்கு என்ன சொல்லும்? ஏன் அடங்கியது என்று காட்டுமா?

சிவரூபி


வெள்ளவத்தை,
31.05.2024

அன்பின் அக்கா,

உங்கள் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். நான் சுகம்.

இரவில் என்ன சாப்பிடுகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் கம்பஸுக்குப் படிக்கப் போன நாளில் இருந்து என் சாப்பாட்டைப் பற்றி எழுதாமல் நீங்கள் ஒரு துண்டுத்தாள்கூட அனுப்பியதில்லை. ஆடுகளையும் காணவில்லை, நீங்கள் சுகமா என்பதையும் காணவில்லை. நான் ஒரு மாதம் எழுதாவிட்டால் அது ஒன்றுமில்லை, என் வழக்கம் அது. உங்களை உங்கள் வழக்கத்தால் வகுத்துப் பார்த்தால், இந்தக் கடிதம் பெரிய ஆட்டம். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: காட்டாது. எவ்வளவு ஆடுகிறது என்று மட்டும்தான் இந்த அளவு சொல்லும். ஏறுமா இறங்குமா என்று அதற்குத் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. அடங்கினால், அடங்கியிருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான். மிளகாய்க்கு வாய் இல்லை. லொறிக்காரருக்கு இருக்கிறது. ஏன் என்று அவரிடமே கேளுங்கள் அக்கா.

அன்புத் தம்பி,
விதுசன்


விசுவமடு,
09.06.2024

தம்பி,

கேட்டேன்.

கத்தரிக்காய்ச் சாக்கு ஒன்று வாய் அவிழ்ந்து பாதி மண்ணில் கொட்டுப்பட்டது. வேறு நாளென்றால் விசுவமடுச் சந்திவரை கேட்டிருக்கும். அவர் பேசாமல் குந்தியிருந்து பொறுக்கினார். நானும் பக்கத்தில் இருந்து பொறுக்கினேன்.

"ஏன் நீங்கள் இப்ப கத்திறேல்லை?" என்றேன்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரர் வரப்போற இடத்தில நான் ஏன் சத்தம் போடுவான்?"

"எந்த மாப்பிள்ளை?"

"வவுனியாவில. உங்கட சாதகக் குறிப்பு எங்கட ஊர்ச் சாத்திரியாரிட்டப் பொருத்தம் பாக்க வந்தது. அவர் எனக்குப் பக்கத்து வீடு. குறிப்புக் குடுத்திட்டியளெண்டா ஓமெண்டுதானே அர்த்தம்?"

"நான் ஒருத்தருக்கும் குறிப்புக் குடுக்கேல்லை."

"அப்ப சாத்திரியார் பாத்தது ஆரின்ர குறிப்பு?"

நான் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். குறிப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. மாமிக்குப் போன் எடுத்தேன். "விதுசன்தான் பிள்ளை, பொங்கலுக்கு வந்து நிக்கேக்க போனில படம் பிடிச்சு அனுப்பினவன்," என்றார்.

விதுசன், என் குறிப்பைப் படம் பிடிக்க உனக்கு யார் சொன்னது? எங்கள் ஆட்கள் மத்தியில் குறிப்பு வீட்டை விட்டுப் போனால் வீடு சம்மதித்த மாதிரி என்று உனக்குத் தெரியாதா? "ஏன் வேண்டாம், ஏன் வேண்டாம்" என்று எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோதே என் குறிப்பு ஊர் சுற்றியிருக்கிறது. கோபத்தில் இரண்டு நாள் உன் பெயரைச் சொல்லவே வாய் வரவில்லை.

இவ்வளவும் எழுதியபின் மிச்சத்தை மறைத்து என்ன பயன்? எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. எனக்கே இதைச் சொல்லாமல் இருந்தேன். அவர் கத்தாத அந்த நாட்களில் தராசில் எடைகூடப் பிழையாகப் பார்த்தேன்.

மறுநாள் அவரிடம், குறிப்பை அனுப்பியது நான் இல்லை, தம்பி எனக்குச் சொல்லாமல் செய்தது என்று சொன்னேன். லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "அப்ப, நான் ஆளனுப்பிக் கேக்கட்டோ?" என்றார். எனக்கே கேட்காத அளவுக்கு மெல்லக் கேட்டார்.

நான், "அப்பா தனிச்சுப் போவார்" என்று சொல்லிவிட்டேன். அவர் தாய் கனகராயன்குளத்தில் படுக்கையில் இருக்கிறார், தாயை விட்டுவிட்டு அவர் இங்கே வந்து இருக்கமுடியாது. நான் அங்கே போனால் அப்பாவுக்கு யார்? ஆகவே இந்தக் கதை முடிந்தது. நீ இனி இதில் கை வைக்காதே.

இரவில் ஏதாவது சாப்பிடு.

அக்கா


வெள்ளவத்தை,
13.06.2024

அன்பின் அக்கா,

நான் செய்தது பிழை. கேட்டால் மறுப்பீர்கள் என்று தெரிந்துதான் கேட்காமல் செய்தேன். அதுதான் இன்னும் பெரிய பிழை. மாமியோடு கதைத்துவிட்டேன். வவுனியாவுக்கு "இல்லை" என்று அவரே சொல்லிவிடுவார். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன் அக்கா. பாதி வெட்கத்தில். மீதி, நீங்கள் உங்களுக்காக ஒன்றைப் பிடித்திருக்கிறது என்று சொன்னதில்.

இதில் கை வைக்காதே என்றீர்கள். ஒரேயொரு கை வைத்துவிட்டேன். இந்த உறைக்குள் இன்னொரு உறை இருக்கிறது, அது அப்பாவுக்கு. நீங்கள் உடைக்கக்கூடாது. அப்பா இப்படி இருப்பார், அப்பாவுக்கு அது முடியாது என்று நீங்களும் நானும் மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கிறோம். அவரை இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

சோறு காய்ச்சத் தொடங்கியிருக்கிறேன்.

தம்பி,
விதுசன்


விசுவமடு,
02.07.2024

மகன் விதுசனுக்கு அப்பா எழுதுவது,

நீ சுகமாக இருக்க அம்மன் அருள் புரியட்டும். எனக்கு எழுத்து நடுங்கும், பொறுத்து வாசி.

உன் அக்காவின் கலியாணத்துக்கு நான்தான் தடை என்று நீ எழுதியதை வாசித்ததும் கோபம் வந்தது. உன்னோடு இல்லை. அவள் எல்லாருக்கும் "அப்பா சுகம்" என்று எழுத, சுகமாக இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னோடுதான். அவளைக் கூப்பிட்டு, "பிள்ளை, அந்த லொறிக்காரரை உனக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டேன். "அதெல்லாம் விடுங்கோ அப்பா, தேத்தண்ணி ஆறுது" என்றாள். கதைத்து அவளை வெல்ல முடியாது. இவள் தாயும் அப்படித்தான்.

ஆகவே நேற்று அவள் தராசடியில் நின்ற நேரம் குசினிக்குள் போனேன். அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியவில்லை. ஊருக்கே போதும்படி போட்டுவிட்டேன் போல. மேலே பொங்கி வழிந்தது, அடியில் கரிந்தது. பருப்பு வேகவில்லை. உப்பைத் தேடி எல்லாத் தகர ரின்னையும் திறந்து பார்த்தேன், கடைசியில் அது அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மேசையில் வைத்தேன்.

அவள் வந்து வாசலில் நின்றாள். சோற்றைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. புகை என்றாள். காஸ் அடுப்பை நிற்பாட்டி எவ்வளவு நேரம், புகை எங்கே இருக்கிறது?

"என்னப்பா இது?"

"சோறு. முதல் நாள்தானே, பழகப் பழகச் சரிவரும். நீ போனாப்பிறகு நான் பட்டினி கிடக்கமாட்டன் எண்டு நீ கண்ணால பாக்கவேணும்."

அவள் இருந்து சாப்பிட்டாள். கரிந்ததை நான் எடுத்து வைக்கப் போனேன், விடவில்லை. வேகாத பருப்பையும் ஒன்று விடாமல் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து என் கதிரைக்குப் பின்னால் நின்றாள். முகத்தைக் காட்டவில்லை.

"அப்பா, கனகராயன்குளத்தில இருந்து அவையளை வரச் சொல்லட்டோ?" என்றாள்.

ஓம் என்றேன்.

இப்படிக்கு,
உன் அப்பா யோகநாதன்